பச்சைக் குழந்தைகள் சாகாத ஊர்

மீனாம்பிகை முதலில் அதை எழுத்துப் பிழை என்றுதான் நினைத்தாள்.

கொழும்பில் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பகுதியில் அவள் உதவி விரிவுரையாளர். சொந்த ஊர் திருக்கோவில். வயல்காரர் ஒருவரின் மூத்த மகள். கணிதத்தில் பட்டம் பெற்று, லண்டனில் இரண்டு வருடம் மருத்துவப் புள்ளிவிபரவியல் படித்துவிட்டுத் திரும்பியிருந்தாள். அந்தப் பகுதியில் மற்ற எல்லோரும் வைத்தியர்கள். காய்ச்சல்காரனின் நாடி பிடிக்கத் தெரியாத ஒரே ஆள் அவள்தான். நோய் அவளிடம் எண்களாகத்தான் வந்து சேரும்.

1955ஆம் ஆண்டு ஜூன் மாதம் மட்டக்களப்பு மாவட்டத்தின் சிசு மரணங்களை ஊர் ஊராகத் தொகுத்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் பிறப்புக்கு எண்பது, தொண்ணூறு, எழுபத்தைந்து என்று வந்துகொண்டிருந்த வரிசையில், கல்முனைக்கு வடக்கே உள்ள நாவலடிமுனை என்ற சிறிய நெசவாளர் ஊருக்கு மட்டும் பத்தொன்பது என்று இருந்தது. ஐந்து வருடத்தில் இருநூற்று அறுபத்து நான்கு பிறப்பு, ஐந்தே ஐந்து மரணம். கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மாறவில்லை.

அவளுடைய பேராசிரியருக்கு அந்த எண் மிகவும் பிடித்துவிட்டது. "தாய்மார் வீட்டிலேயே இருந்து நெய்கிறார்கள். பிள்ளைக்குப் பால் தவறுவதில்லை. அதுதான் காரணமாக இருக்கவேண்டும்" என்றார். அடுத்த வருடம் வெளிநாட்டில் நடக்கவிருந்த மாநாட்டுக்கு அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையில் நாவலடிமுனைக்குத் தனிப் பந்தியே ஒதுக்கினார்.

மீனாம்பிகைக்கும் அதை நம்ப ஆசைதான். ஆனால் இறந்த ஐந்து குழந்தைகளின் வயதையும் எடுத்துப் பார்த்தபோது அவள் பேனாவைக் கீழே வைத்தாள். மூன்று மாதம், ஐந்து மாதம், ஏழு, எட்டு, பதினொன்று. உலகில் எந்த ஊரிலும் சிசு மரணங்களில் பாதியளவு முதல் மாதத்திலேயே நடந்துவிடும். நாவலடிமுனையில் ஐந்து வருடமாக ஒரு பச்சைக் குழந்தைகூட முதல் மாதத்தில் இறக்கவில்லை. எவ்வளவு நல்ல தாய்ப்பாலாலும் அப்படி ஓர் ஊரை உண்டாக்க முடியாது.

"நான் போய்ப் பார்க்கவேண்டும், சேர்" என்றாள்.

"எதைப் பார்க்க?"

"அங்கே பிள்ளைகள் எப்படிச் சாகாமல் இருக்கிறார்கள் என்று."

ஓகஸ்ட் விடுமுறையைச் சேர்த்து ஆறு வாரம் கிடைத்தது. ரயிலில் மட்டக்களப்புக்கும் அங்கிருந்து பஸ்ஸில் கல்முனைக்கும் வந்து, பாண்டிருப்பில் தன் சின்னம்மா வீட்டில் பெட்டியை இறக்கினாள். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் மணல். மறுநாள் காலை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நாவலடிமுனைப் பதிவாளரைத் தேடிப் போனாள்.

பிறப்பு இறப்புப் பதிவாளர் சீனிமுகம்மது தன் வீட்டு முன்னறையையே அலுவலகமாக வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது. வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி. பதிவேட்டில் அவருடைய எழுத்து அச்சுப் போல இருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. மீனாம்பிகை தாள் தாளாகப் புரட்டினாள். பிழை ஒன்றும் அகப்படவில்லை.

"ஒரு மாசத்துக்குள்ள செத்த பிள்ளை ஒண்டும் இல்லையே, ஐயா?"

"இல்ல மிஸி." அரசாங்க மருத்துவமாது என்று நினைத்துத்தான் அவர் அப்படி அழைத்தார். அவள் திருத்தவில்லை.

"ஊரிலயே இல்லையா, புத்தகத்தில இல்லையா?"

சீனிமுகம்மது மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸி, இஞ்ச பொண்டுகள் நாப்பது நாள் கழிஞ்சாப் பொறகுதான் வெளியில வருவாங்க. வாப்பாமாரும் அதுக்குப் பொறகுதான் புள்ளையப் பதிய வருவாங்க. சட்டத்திலயும் நாப்பத்திரண்டு நாள் தவணை இரிக்கி. அதுக்குள்ள மவுத்தான புள்ள பொறந்ததா எனக்கிட்டப் பதிவில்ல. பொறக்காத ஆள் மவுத்தானதா நான் எழுத ஏலுமா?"

அவர் பரிகாசமாகச் சொல்லவில்லை. இருபது வருடமாக அதைத்தான் சட்டம் என்று நம்பியிருந்தார். பிறப்பும் இறப்பும் ஒரே நாளில் பதியப்படலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆக, ஊரில் பிள்ளைகள் சாகிறார்கள், புத்தகத்துக்குள்தான் சாகவில்லை. வந்த அன்றே விடை கிடைத்துவிட்டது. கொழும்புக்குத் திரும்பி, 'இந்த எண்ணை நம்பவேண்டாம்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஆனால் அப்படியானால் உண்மையான எண் என்ன? அது தெரியாமல் பஸ் ஏற அவளுக்கு மனமில்லை.

சின்னம்மா கல்முனையில் பெண்கள் பாடசாலை ஒன்றில் படிப்பித்தாள். அவளோடு படிப்பிக்கும் லைலா நாவலடிமுனைக்காரி. முப்பது வயதிருக்கும், வேகமாக நடப்பாள், அதைவிட வேகமாகக் கதைப்பாள். விடுமுறைக்கு வேறு வேலை இல்லை என்று மீனாம்பிகையோடு வீடு வீடாக வரச் சம்மதித்தாள். அஞ்சலட்டை அளவில் வெட்டிய அட்டைகள், வீட்டுக்கு ஒன்று. ஊரில் ஏறக்குறைய முந்நூறு வீடு.

முதல் வாரம் ஒன்றும் சரிவரவில்லை. எல்லா வீட்டிலும் பாய் போட்டு இருத்தினார்கள், தேத்தண்ணி தந்தார்கள். எத்தனை பிள்ளை என்று கேட்டால் சொன்னார்கள். "மவுத்தான பிள்ளைகள் இருக்கா?" என்று கேட்டதும் முகம் மூடிக்கொண்டது. இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தறியில் போய்க் குந்தினார்கள். நாற்பது வீட்டில் கிடைத்தவை இரண்டே இரண்டு மரணங்கள்.

அன்று திரும்பி வரும்போது லைலா ஒழுங்கையில் நின்றாள்.

"மிஸ், குறை நினைக்காதீங்க. நீங்க கேக்கிற கேள்வி பிழை."

"எப்படிப் பிழை?"

"மவுத்தான புள்ள எண்டா, இல்லாமப் போன புள்ள எண்டு அர்த்தமாகுது. எங்கட உம்மாமாருக்கு அது இல்லாமப் போன புள்ள இல்ல. பச்சப் புள்ளயா மவுத்தானது சுவர்க்கத்து வாசல்ல உம்மாவுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும், கையப் புடிச்சி உள்ளுக்குக் கூட்டிப் போகும். அப்படித்தான் நாங்க நம்புற. அத இல்ல எண்டு எழுத வைக்கலாமா?"

"அப்ப எப்படிக் கேக்கிற?"

லைலா யோசிக்கவே இல்லை. "ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இரிக்கிற புள்ளகள் எத்தன எண்டு கேப்பம்."

மீனாம்பிகை தயங்கினாள். கேள்வியே விடையை ஊட்டிவிடக்கூடாது என்று லண்டனில் படித்திருந்தாள். ஆனால் விடையே வராத கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுநாள் அதே நாற்பது வீட்டுக்கும் முதலிலிருந்து போனார்கள்.

முதல் வீடு றம்லாவுடையது. இருபத்தைந்து வயது நெசவுக்காரி. போன வாரம் 'ரெண்டு புள்ள, வேற ஒண்டும் இல்ல' என்று சொன்னவள். லைலா புதிய கேள்வியைக் கேட்டதும் தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது.

"ரெண்டு பேர்" என்றாள் றம்லா. "ஒரு மகன், ஒரு மகள். மகன் எட்டு நாள் இருந்தான். மகள் ஆறு நாள். ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான். முதல்ல பால் குடிக்க மாட்டாம வாய் இறுகிப் போச்சி. பொறகு மேல் வில்லு மாதிரி வளைஞ்சி... மகனுக்கு அவங்கட மூத்தவாப்பாட பேர்தான் வெச்சம்." பாவில் அறுந்திருந்த ஓர் இழையை முடிந்துவிட்டு, "இத எனக்கிட்ட ஆரும் கேட்டதில்ல" என்றாள். அவள் அழவில்லை. அட்டையில் பெயர்கள் சரியாக எழுதப்படுகின்றனவா என்று எட்டிப் பார்த்தாள்.

நாற்பது வீட்டில் இரண்டாக இருந்தது ஏழாயிற்று. அதன் பிறகு எந்த வீட்டிலும் கேள்வியை மாற்றவேண்டி வரவில்லை. சில பெண்கள் இவர்கள் வருவதற்கு முன்பே நாளையும் பிறையையும் நினைவுபடுத்தி வைத்திருந்தார்கள். நாலு வாரத்தில் ஊர் முடிந்தது. பதிவேட்டில் இல்லாத, நாற்பது நாளுக்குள் இறந்த குழந்தைகள் முப்பத்து நான்கு.

ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. பத்து வருடத்துக்கு முன் நடந்ததையும் பாசத்தில் இந்த ஐந்து வருடத்துக்குள் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே? வேறொரு சாட்சி வேண்டும். ஊர் மையவாடியில், இறந்தவர்களை அடக்கும் இடத்தில், குழந்தைகளின் சின்னக் கபுறுகள் இருக்கும். ஆனால் பெண்கள் அங்கே போவதில்லை. சீனிமுகம்மதிடம் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. தன் புத்தகத்தைச் சோதிக்கிறாள் என்று அவருக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். இருந்தும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரைக் கூட்டிக்கொண்டு ஒரு காலையில் போய்வந்தார். மோதினாருக்கு எந்தக் கபுறு எந்த வருடம் தோண்டியது என்பது மனப்பாடம்.

பகல் தொழுகை முடிந்து வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எண்ட புத்தகத்தில இரிக்கிற அஞ்சையும் விட்டுப்போட்டு, அஞ்சி வருசத்துக்குள்ள தோண்டினது முப்பத்தொண்டு. மணல் மூடினது இன்னும் ரெண்டு மூணு இரிக்கலாம் எண்டு மோதினார் சொல்றார்."

"அப்ப சரி, ஐயா. எங்களுக்கு முப்பத்து நாலு."

அவர் போகவில்லை.

"அதுல ஒண்டு எண்ட மகள் நாச்சியாட புள்ள. ஒம்பது நாள். எண்ட ரெண்டு கையாலயும் தூக்கிப் போய் வெச்சன் மிஸி. வந்து இந்தக் கதிரையிலதான் குந்தினன். இந்தப் புத்தகம் இதே மேசையிலதான் கிடந்திச்சி. எழுத வேணும் எண்டே நினைக்கல்ல."

மீனாம்பிகை எழும்பினாள். கதிரையை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் இருந்தார். பிறகு, பிறப்பையும் இறப்பையும் ஒன்றாகப் பதிவது எப்படி என்று அவராகவே கேட்டார். சொல்லிக் கொடுத்தாள். இரண்டு தடவை கேட்டுத் தெளிந்துகொண்டார்.

அந்தப் பின்னேரம் சின்னம்மாவின் சாப்பாட்டு மேசையில் அட்டைகளைப் பரப்பினாள். மொத்தப் பிறப்பு இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு, மரணம் முப்பத்தொன்பது. ஆயிரத்துக்கு நூற்று முப்பத்தொன்று. மாவட்டத்திலேயே சிறந்தது என்று காட்டிய ஊர், உண்மையில் மிக மோசமான ஊர்களில் ஒன்று. முப்பத்து நாலு குழந்தைகளில் இருபத்தாறு பேர் நாலாம் நாளுக்கும் பதினோராம் நாளுக்கும் இடையில், றம்லா சொன்ன அதே விதமாக இறந்திருந்தார்கள். தொப்புள்கொடி வெட்டிய இடத்தால் கிருமி ஏறி வருகிற ஏற்புவலி, டெட்டனஸ். வைத்தியம் படிக்காத அவளுக்கே அது தெரிந்தது.

பிறகு அட்டைகளைத் தெருத் தெருவாக அடுக்கினாள். அடுக்கி முடித்ததும் எழுந்து நின்று பார்த்தாள்.

சாயக்காரத் தெரு என்று ஒரு தெரு. நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் இருக்கும் இடம். அங்கும் அதை ஒட்டிய வீடுகளிலும் ஐந்து வருடத்தில் எழுபத்திரண்டு பிறப்பு. நாற்பது நாளுக்குள் இறந்தது ஒன்று. ஊரின் மற்றப் பகுதிகளில் நடந்தது போல நடந்திருந்தால் பத்து, பதினொரு குழந்தைகள் இறந்திருக்க வேண்டும். தற்செயலாக இப்படி வருமா என்று கணக்கிட்டாள். ஆயிரத்தில் ஒரு தடவைகூட வராது.

ஒருமுறை ஏமாந்தவள் அவள். 'இங்கேயும் ஒளிக்கிறார்கள்' என்பதுதான் முதலில் தோன்றியது. லைலாவைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் மறுபடி போனாள். ஒளிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாம் ஒழுங்கையில் ஓடித் திரிந்தன.

"இவங்களுக்குப் பிள்ளைப்பேறு பாக்கிறது ஆர்?" என்று கேட்டாள்.

"ஹவ்வா உம்மா. வேற ஆர்?" என்றாள் லைலா. ஊரில் ஐந்து மருத்துவிச்சிகள். சாயக்காரத் தெருவுக்கு ஹவ்வா உம்மா மட்டும்தான்.

ஹவ்வா உம்மா தன் வீட்டு வளவில் பெரிய கிடாரத்தின் முன் நின்றாள். கிடாரத்தில் நீலச் சாயம் கொதித்தது. நாற்பத்தைந்து வயதில் ஆண்பிள்ளை போன்ற தோள்கள். முழங்கை வரை கை நீலம். கம்பால் நூற் கழிகளைப் புரட்டியபடியே கதைத்தாள்.

"நான் என்னகா புதுசாச் செய்யிற? மத்தவங்க செய்யிறதத்தான் நானும் செய்யிற."

"கொடி எதால வெட்டுவீங்க?"

"கத்தியாலதான்."

"எங்க இருக்கு அந்தக் கத்தி?"

வேலியில் சொருகியிருந்த சின்னக் கத்தியை எடுத்துக் காட்டினாள். எந்த வீட்டிலும் இருக்கிற கத்திதான். மீனாம்பிகைக்கு நம்பிக்கை தளர்ந்தது. கேள்வியை மாற்றினாள்.

"ஹவ்வா உம்மா, உங்களக் கூப்பிட ஆள் வந்தா, இந்த வளவில இருந்து எழும்பினதில இருந்து பிள்ளையக் கையில எடுக்கிற வரைக்கும் என்னென்ன செய்வீங்க? ஒண்டும் விடாமச் சொல்லுங்க."

"முதல்ல கையக் கழுவுவன். இந்தக் கையோட போக ஏலுமா?" நீலக் கையை நீட்டிச் சிரித்தாள். "நான் இந்த வேலைக்கு வந்த புதுசில ஒரு புள்ளைய இப்படியே தூக்கிட்டன். புள்ளட முதுகில அஞ்சி விரலும் நீலமாப் பதிஞ்சி போச்சி. அந்த மாமிக்காரி ஊரைக் கூட்டி ஏசினா. புள்ளைக்கு என்னவோ புடிச்சிட்டெண்டு ஓதப் போயிட்டாங்க! அண்டையில இருந்து, சுடுதண்ணியும் சவுக்காரமும் போட்டு, தும்பால முழங்கை வரைக்கும் உரைச்சுப்போட்டுத்தான் போற. நகத்துக்குள்ள நீலம் தெரிஞ்சா திருப்பியும் உரைப்பன்."

"பிறகு?"

"பொறகு கத்தி. அதுலயும் சாயம்தானே. ஒரு சட்டியில வெள்ளத் தண்ணி கொதிக்க வெச்சி அதுக்குள்ள போட்டிருவன். கொடி கட்டுற நூலும் அதுக்குள்ளதான், சாயம் கழரக் கூடாது எண்டு. நெருப்பு எப்பவும் எரிஞ்சிக்கிட்டுத்தானே கிடக்கு."

மீனாம்பிகை எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். நோயைப் பற்றி ஹவ்வா உம்மா ஒரு நாளும் யோசித்ததில்லை. பிள்ளையில் நிறம் ஒட்டக்கூடாது, அவ்வளவுதான்.

"மத்தவங்களும் இப்படிச் செய்வாங்களா?"

"அவங்களுக்கென்னத்துக்கு? அவங்கட கை வெள்ளைதானே" என்றாள் ஹவ்வா உம்மா.

அந்த ஒரு மரணத்தைப் பற்றியும் கேட்டாள். எட்டாம் மாதத்தில் பிறந்த இரட்டையரில் ஒன்று என்று ஹவ்வா உம்மா உடனே சொன்னாள். அந்தக் கிழமையே மற்ற நாலு மருத்துவிச்சிகளையும் பார்த்தார்கள். கையை ஏனத்துத் தண்ணீரில் நனைப்பார்கள். கத்தியைச் சீலையில் துடைப்பார்கள். நூல் ஓலைக் கொட்டுப்பெட்டியில் கிடக்கும்.

கொழும்பில் பேராசிரியர் அவளுடைய அறிக்கையை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கூப்பிட்டார்.

"மாநாட்டுக்குக் கட்டுரையின் சுருக்கம் போய்விட்டது, மிஸ் மீனாம்பிகை."

"தெரியும், சேர்."

"இப்போது நான் எழுதி, அந்த எண் பிழை என்று சொல்லவேண்டும்."

"ஓம், சேர்."

"கையா, கத்தியா, நூலா? எது காரணம் என்று உன்னால் சொல்ல முடிகிறதா?"

"முடியாது. மூன்றையும் அவ ஒன்றாகத்தான் செய்கிறா. பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆனால் மூன்றையும் ஒன்றாகவே மற்ற நாலு பேருக்கும் கொடுத்துப் பார்க்கலாம்."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் இருந்தது. ஆனால் அவர் எண்ணை மறைக்கிற ஆள் அல்ல. தன் கட்டுரையிலிருந்து அந்தப் பந்தியை வெட்டினார். அவளுடைய அறிக்கையில் தன் பெயரையும் வெட்டினார். "நீ கண்டுபிடித்தது. நீயே தூக்கிக்கொண்டு நட" என்றார். அது பாராட்டா, கைகழுவலா என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. தனிப் பெயரில் வந்த அறிக்கையை அடுத்த ஆறு மாதமும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

படித்தவர் கடைசியில் கிழக்கில் வேலை செய்த ஒரு சுகாதார வைத்திய அதிகாரி. 1956 முடிவில் அவர் ஐந்து தகரப் பெட்டிகள் செய்வித்தார். சவுக்காரக் கட்டி, நகத் தும்பு, சின்னச் சட்டி, கத்தி, நூல். நாவலடிமுனையில் கொடுக்கும்போது மீனாம்பிகையும் வந்தாள். நாலு மருத்துவிச்சிகளும் பெட்டியைத் திறந்து பார்த்து, முகம் சுளித்து, மூடிவிட்டார்கள். தங்கள் கை அழுக்கு என்று ஒரு கொழும்புக்காரி சொல்லவந்திருக்கிறாள் என்ற கோபம்.

ஹவ்வா உம்மாதான் எழும்பினாள். தன் நீலக் கையை அவர்கள் முன்னால் நீட்டினாள்.

"இஞ்ச பாருங்க புள்ளகள். எண்ட கை எங்க பட்டிரிக்கி எண்டு ஊருக்கே தெரியும். ஒங்கட கை எங்க பட்டிரிக்கி எண்டு ஒங்களுக்கே தெரியா. அதான் வித்தியாசம். கழுவிப்போட்டுப் போங்க, பொறகு வந்து என்ன ஏசுங்க."

ஒருத்தி சிரித்தாள். பிறகு மற்றவர்களும்.

1959ஆம் ஆண்டு மார்ச்சில், சீனிமுகம்மதிடமிருந்து கொழும்புக்கு ஒரு கடுதாசி வந்தது. அதே அச்சுப் போன்ற எழுத்து. மேலிடத்திலிருந்து தன்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். நாவலடிமுனையில் சிசு மரணம் முன்பு ஆயிரத்துக்குப் பத்தொன்பதாக இருந்தது. கடந்த இரண்டு வருடத்தில் ஐம்பதாக ஏறியிருக்கிறது. இதற்கு யார் பொறுப்பு? 'மிஸி, நான் எழுதத் தொடங்கியதால் ஊருக்குக் கெட்ட பெயர் வந்திருக்கிறது. பள்ளிவாசலிலும் கேட்கிறார்கள். எழுதுவதை நிறுத்துவதா?'

இப்போது மீனாம்பிகை விரிவுரையாளர். அவளுக்கு உதவியாளர்கள் இருவர். பதில் எழுத உட்கார்ந்தவள், எழுதாமல் அன்றைய ரயிலுக்குச் சீட்டு எடுத்தாள்.

பதிவாளர் வீட்டு முன்னறையில் இருவரும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். இரண்டு வருடத்தில் நூற்று இருபத்தொரு பிறப்பு. ஆறு மரணம். அதில் மூன்று முதல் நாற்பது நாளுக்குள். ஏற்புவலி போலத் தோன்றியது ஒன்று மட்டும்.

"முந்தி எங்களுக்குத் தெரிஞ்ச உண்மைக் கணக்கு நூத்தி முப்பத்தொண்டு, ஐயா. இப்ப ஐம்பது. இறங்கித்தான் இருக்கு."

"அவங்கட தாளில ஏறித்தானே காட்டுது?"

"அவங்கட தாளில பழைய கணக்குத்தான் பொய்."

"அத அவங்களுக்கு ஆர் சொல்லுற?"

"நான்." கையோடு கொண்டுவந்த தாளை எடுத்து, அந்த மேசையிலேயே இருந்து விளக்கக் கடிதத்தை எழுதினாள். ஒன்றரைப் பக்கம். பதிவாளர் சட்டப்படி செய்கிறார் என்பதையும், இவரைப் போல எல்லாப் பதிவாளர்களும் எழுதத் தொடங்கினால் நாட்டின் எண்கள் கொஞ்சக் காலத்துக்கு மோசமாகத் தெரியும், அதற்குப் பயப்படக்கூடாது என்பதையும் எழுதினாள். சீனிமுகம்மது தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார்.

"இது எத்தன ஊரில இப்படிக் கிடக்கும் மிஸி?" என்று கேட்டார்.

"தெரியா, ஐயா. இறக்காமம் எண்ட ஊரிலயும் ஒரு எண் குறைவாத்தான் இருக்கு. உண்மையாவும் இருக்கலாம். போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"அங்க யானை வரும்" என்றார் சீனிமுகம்மது. "வெள்ளென போய் வெள்ளென வாங்க."

அவள் கையெழுத்துக்குக் கீழே அவரும் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, கடிதத்தைத் தானே தபால் கந்தோருக்குக் கொண்டுபோனார். மீனாம்பிகை றம்லா வீட்டில் மதியம் சாப்பிட்டாள். பிறகு அக்கரைப்பற்று பஸ்ஸைப் பிடித்து, வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருந்த திருக்கோவிலுக்குப் போனாள். இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு இறக்காமம் போவதாகக் கொழும்புக்குத் தந்தி அடித்தாள்.